பெருந்தொற்றுக் காலத்தில் சொகுசுக் கப்பல் ஏற என்ன கேட்டார்கள், ஏன் கேட்டார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் 2020 நவம்பரில், கடலில் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் "எங்கும் போகாத கப்பல் பயணம்" தொடங்கியபோது எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. மாதக்கணக்கில் ஊருக்குப் போக முடியாமல் அடைந்து கிடந்த அம்மாவையும் அப்பாவையும் கடல் காற்று வாங்கவாவது அழைத்துப் போகலாம் என்று நினைத்தேன். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். அதனால் கப்பல் ஏறுவதற்கான விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவை ஏன் வந்தன என்றும் தேடிப் பார்த்தேன். அதிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை 2020 முதல் 2022 வரை நடந்தவை. இன்று நடப்பில் இல்லாதவற்றைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

விமானத்துக்கு இல்லாத கெடுபிடி கப்பலுக்கு மட்டும் ஏன்?

விமானத்தில் சில மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். கப்பலில் நாள்கணக்கில் ஒரே சாப்பாட்டுக் கூடம், ஒரே அரங்கு, ஒரே மின்தூக்கி. போதாததற்குப் பயணிகளில் வயதானவர்கள் அதிகம்.

டைமண்ட் பிரின்சஸ் கப்பலை நினைத்துப் பாருங்கள். 2020 ஜனவரி 20 அன்று யோகோஹாமாவிலிருந்து கிளம்பியது. ஹாங்காங்கில் ஜனவரி 25 அன்று இறங்கிய ஒரு பயணிக்குத் தொற்று இருப்பது பிப்ரவரி 1 அன்று உறுதியானது. கப்பல் திரும்பி வந்ததும் பிப்ரவரி 5 முதல் பயணிகளை அறைகளிலேயே அடைத்தார்கள். கப்பலில் இருந்தவர்கள் 3,711 பேர். கடைசியில் தொற்று கண்டறியப்பட்டவர்கள் 712 பேர், அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். அந்தக் கப்பலில் 138 இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் 132 பேர் ஊழியர்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் உண்டு. பயணிகள் அறைக்குள் இருந்தபோது அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது இந்த ஊழியர்கள்தான். வேலை முடிந்து பகிர்ந்து தங்கும் சின்ன அறைக்குத்தான் அவர்கள் திரும்பினார்கள். எனக்கு அந்தச் செய்திகளில் மனதை விட்டுப் போகாதது இதுதான். ஊழியர்களைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஏறும்போது காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?

போதாது. இதற்கு ஒரு கப்பலே சாட்சி. கிரெக் மார்ட்டிமர் என்ற கப்பல் 2020 மார்ச் நடுவில் அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்திலிருந்து அண்டார்டிகா பக்கம் கிளம்பியது. ஏறும் முன் எல்லோருக்கும் உடல் வெப்பம் பார்த்தார்கள், அறிகுறி இருக்கிறதா என்று கேட்டார்கள். அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் சீனா, தென்கொரியா, ஈரான் போன்ற நாடுகள் வழியாக வந்தவர்களை ஏற்றவே இல்லை. அன்றைக்குத் தெரிந்த எல்லா வடிகட்டலையும் செய்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். கடைசியில் 217 பேரில் 128 பேருக்குத் தொற்று. அந்த 128 பேரில் 100க்கு 81 பேருக்கு அறிகுறியே இல்லை.

டைமண்ட் பிரின்சஸிலும் தொற்று உறுதியான 712 பேரில் 331 பேருக்குச் சோதனை எடுத்த நேரத்தில் எந்த அறிகுறியும் இல்லை. வெப்பமானியை நெற்றியில் காட்டினால் இவர்களில் யாரும் சிக்கியிருக்க மாட்டார்கள். காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வருபவர்களும் சிக்க மாட்டார்கள். வெப்பம் பார்ப்பது வீண் என்று சொல்லவில்லை. அது பெரிய ஓட்டை உள்ள சல்லடை. அதற்குக் கீழே இன்னும் சில சல்லடைகள் வேண்டும்.

சிங்கப்பூரில் 2020 இறுதியில் கப்பல் ஏற என்னவெல்லாம் கேட்டார்கள்?

நான் நன்றாக அறிந்தது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிங்கப்பூர் 2020 மார்ச் மாதம் சொகுசுக் கப்பல்களுக்குத் துறைமுகத்தை மூடியது. அக்டோபரில் சுற்றுலாக் கழகம் சோதனை முயற்சியாகச் சில பயணங்களை அனுமதித்தது. நவம்பர் 6 அன்று வேர்ல்ட் டிரீம் கப்பலும், டிசம்பர் தொடக்கத்தில் குவான்டம் ஆஃப் தி சீஸ் கப்பலும் கிளம்பின. சிங்கப்பூரில் வசிப்பவர்கள் மட்டும்தான் ஏறலாம். கொள்ளளவில் பாதிப் பேர்தான். எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். கப்பல் நிறுவனம் "குரூஸ்சேஃப்" என்ற சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். அதில் சோதனை, சுத்தம், காற்றோட்டம், தனிமை அறைகள் எல்லாம் அடங்கும்.

பயணிகளைப் பொறுத்தவரை, ஏறும் முன் கட்டாயக் கொவிட் சோதனை. ஒரு கப்பலுக்குக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகக் குறிப்பிட்ட இடத்துக்குப் போய் பிசிஆர் எடுக்க வேண்டும். இன்னொன்றுக்கு ஏறும் நாளிலேயே முனையத்தில் விரைவுச் சோதனை. பிறகு உடல்நலப் படிவம், வெப்பம் பார்ப்பது, யார் யாருக்கு அருகில் இருந்தார் என்று பதியும் டிரேஸ்டுகெதர் செயலி அல்லது அதே வேலையைச் செய்யும் சிறு கருவி. கப்பலுக்குள் முகக்கவசம், ஒரு மீட்டர் இடைவெளி. பஃபே கிடையாது, கேட்டதை ஊழியர் கொண்டுவந்து வைப்பார்.

டிரேஸ்டுகெதர் கருவியைப் பலர் சலித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார்கள். ஆனால் கப்பலில் ஒருவருக்குத் தொற்று என்றால், அவர் யாருடன் எவ்வளவு நேரம் அருகில் இருந்தார் என்பது தெரிந்தால்தான் மற்ற ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியும். அது இல்லாததால்தான் டைமண்ட் பிரின்சஸில் எல்லோரையும் அடைக்க வேண்டிவந்தது என்று நான் நினைக்கிறேன்.

பிசிஆர், விரைவுச் சோதனை – இரண்டில் எது நல்லது?

எதற்கு நல்லது என்று கேட்க வேண்டும். பிசிஆர் கிருமியின் மரபணுத் துணுக்கைப் பல மடங்கு பெருக்கிப் பார்ப்பதால் மிகக் குறைந்த அளவையும் காட்டிவிடும். ஆனால் முடிவு வர நேரமாகும். குணமாகி வாரக்கணக்கில் ஆனவருக்கும் சில சமயம் பாசிட்டிவ் காட்டும். விரைவுச் சோதனை கிருமியின் புரதத்தைத் தேடுவது. கால் மணி, அரை மணியில் முடிவு தெரியும். கிருமி அதிகமாக இருக்கும் நாட்களில் நன்றாகப் பிடிக்கும், ஆரம்ப நாட்களில் தவறவிடும்.

எனக்குப் பிடித்தது, இரண்டு மூன்று நாள் முன்பு ஒன்று, ஏறும் வாசலில் ஒன்று என்று இரண்டையும் செய்வது. மூன்று நாள் முன்பு எடுத்த பிசிஆர், அதற்குப் பிறகு நீங்கள் போன கல்யாண வீட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

எல்லோருக்கும் நெகட்டிவ் வந்தால் கப்பலில் தொற்றே இல்லை என்று அர்த்தமா?

இல்லை. நெல் விதைத்த மறுநாள் வயலில் பச்சை தெரியாது. கிருமி உள்ளே போன முதல் ஓரிரு நாளில் எந்தச் சோதனையும் அதைக் காட்டாது. பரவலின் தொடக்க காலத்தில் அறிகுறி தெரியவே சராசரியாக ஐந்து நாள் ஆனது. சிலருக்குப் பதினான்கு நாள் வரை போனது.

2020 நவம்பரில் கரீபியன் கடலில் பயணத்தைத் தொடங்கிய சீட்ரீம் 1 என்ற சிறு கப்பலில் இதுதான் நடந்தது. பயணிகள் 53 பேர்தான். ஒருமுறைக்கு மேல் சோதித்து நெகட்டிவ் வந்தவர்களைத்தான் ஏற்றினார்கள். சோதனையை நம்பி, தொடக்கத்தில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கவில்லை. நடுவே ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனது. கடைசியில் பயணிகளில் ஏழு பேருக்குத் தொற்று. வாசலில் சலித்தாயிற்று, இனி உள்ளே சுதந்திரமாக இருக்கலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து என்பதை எனக்குப் புரியவைத்த சம்பவம் இது.

சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டினால் என்ன ஆகும்?

அதுவும் நடந்தது. 2020 டிசம்பர் 9, குவான்டம் ஆஃப் தி சீஸ். 83 வயதுப் பயணி ஒருவர் வயிற்றுப்போக்கு என்று கப்பல் மருத்துவ அறைக்குப் போனார். விதிப்படி அங்கே பிசிஆர் எடுத்தார்கள். பாசிட்டிவ். நான்கு நாள் பயணம் மூன்றாம் நாளிலேயே முடிந்து கப்பல் மரினா பே முனையத்துக்குத் திரும்பியது. 1,680 பயணிகளும் 1,148 ஊழியர்களும் இருந்த கப்பல். தொடர்புத் தடம் பார்த்து முடியும்வரை எல்லோரும் அறைக்குள் இருந்தார்கள். பிறகு தேசியப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடத்தில் முதல் மாதிரியையே மறுபடி சோதித்தார்கள், புதிய மாதிரியும் எடுத்தார்கள். இரண்டிலும் தொற்று இல்லை.

சிலர் இதை "வீண் அலப்பறை" என்று பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஊரில் தொற்று மிகக் குறைவாக இருக்கும்போது தவறான பாசிட்டிவ் வரத்தான் செய்யும். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: பத்தாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் தொற்று என்று வையுங்கள். ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டுமே தவறு செய்யும் நல்ல சோதனைகூட அந்தப் பத்தாயிரம் பேரில் பத்துப் பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆகவே முதல் பாசிட்டிவ் வந்ததும் தனிமைப்படுத்து, உடனே மறுசோதனை செய் என்பதுதான் சரியான வழி. அன்று செய்ததும் அதுதான். அந்தப் பெரியவர் உடம்பு சரியில்லை என்று தானாகவே மருத்துவரிடம் போனார் என்பதையும் கவனியுங்கள். 2021 ஜூலையில் வேர்ல்ட் டிரீம் கப்பலில் ஒருவருக்கு உண்மையாகவே தொற்று உறுதியானபோது இதே நடைமுறைதான் கைகொடுத்தது.

உடல்நலப் படிவத்தில் என்ன கேட்பார்கள்? சின்ன இருமலை எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூச்சுத் திணறல், மணம் சுவை தெரியாமல் போவது, வயிற்றுப்போக்கு இருக்கிறதா. கடந்த பதினான்கு நாளில் தொற்றாளரோடு நெருங்கி இருந்தீர்களா. எங்கெல்லாம் போய்வந்தீர்கள் – இவைதான். ஐந்து நிமிடப் படிவம்.

இரண்டாவது பாதிக்கு என் பதில் எங்கள் வீட்டுக் கதைதான். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது அம்மாவுக்கு இருமல் தொடங்கியது. "தூசுக்கு எப்பவும் வர்றதுதானே, 'இல்லை'ன்னு போட்டுடு" என்றார். பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தார், பாவம். அப்பா எதுவும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் கப்பல் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். தேதியை மாற்றிக் கொடுத்தார்கள். பணம் போகவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டுச் சாதாரணச் சளி என்றார், கொவிட் சோதனையும் நெகட்டிவ். அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆறு வாரம் கழித்துப் போனோம்.

அந்த இருமல் ஒன்றுமில்லாததுதான். ஆனால் நான்கு நாள் முன்பு அது எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. வெப்பமானி, பிசிஆர், விரைவுச் சோதனை எல்லாவற்றுக்கும் ஆள் வைக்கலாம், கருவி வைக்கலாம். படிவத்தில் உள்ள பதிலை நாம் மட்டுமே கொடுக்க முடியும். பணத்துக்குப் பயந்து யாரும் மறைக்காமல் இருக்க வேண்டுமென்றால் நிறுவனங்கள் தேதி மாற்றவும் பணம் திருப்பித் தரவும் தயாராக இருக்க வேண்டும். பதிவு செய்யும் முன் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பக்கம்தான்.

தடுப்பூசி கட்டாயமாக இருந்ததா?

நாட்டுக்கு நாடு, மாதத்துக்கு மாதம் மாறியது. அமெரிக்காவில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 மார்ச் 14 அன்று கப்பல்களை ஓடவே கூடாது என்றது. அக்டோபர் 30 அன்று அதை நிபந்தனையுடன் ஓடலாம் என்று மாற்றியது. அதன்படி, கப்பலில் தன்னார்வலர்களை வைத்து ஒத்திகைப் பயணம் நடத்திக் காட்ட வேண்டும். 2021இல், பயணிகளில் 95 விழுக்காட்டினரும் ஊழியர்களில் 98 விழுக்காட்டினரும் முழுமையாகத் தடுப்பூசி போட்டிருந்தால் ஒத்திகை வேண்டாம் என்றது. 2021 ஜூன் 26 அன்று ஃபுளோரிடாவின் போர்ட் எவர்கிளேட்ஸிலிருந்து கிளம்பிய செலிப்ரிட்டி எட்ஜ்தான், அந்த நீண்ட நிறுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கட்டணப் பயணிகளோடு போன முதல் பெரிய கப்பல்.

அதே ஃபுளோரிடாவில், வாடிக்கையாளரிடம் தடுப்பூசிச் சான்று கேட்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் வந்தது. நார்வீஜியன் நிறுவனம் நீதிமன்றம் போய் 2021 ஆகஸ்டில் தற்காலிகத் தடை வாங்கியது. வேறு சில நிறுவனங்கள், சான்று காட்டாதவர்கள் கூடுதல் சோதனைகளைச் சொந்தச் செலவில் செய்துகொள்ள வேண்டும் என்றன.

நம்மவர்களைச் சுட்டது வேறொன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் உள்ள தடுப்பூசியா என்றுதான் பல இடங்களில் கேட்டார்கள். கோவிஷீல்டு 2021 பிப்ரவரியிலேயே பட்டியலில் ஏறிவிட்டது. கோவேக்சின் நவம்பர் 3 அன்றுதான் ஏறியது. ஜனவரி முதலே ஊரில் கோவேக்சின் போட்டுக்கொண்டவர்கள் அதுவரை, இரண்டு தவணை முடித்தும், பல நாடுகளில் தடுப்பூசி போடாதவர்களாகவே எண்ணப்பட்டார்கள். அரசாங்கம் கொடுத்ததைப் போட்டுக்கொண்டவர் மேல் அதில் ஒரு தவறும் இல்லை.

ஏற்கனவே கொவிட் வந்து குணமானவர் என்ன செய்தார்?

குணமான பிறகும் சில வாரங்கள் பிசிஆர் பாசிட்டிவ் காட்டலாம் என்பதால், அமெரிக்காவில் கடந்த 90 நாளுக்குள் தொற்று வந்து குணமானவர்களுக்கு, பாசிட்டிவ் முடிவின் நகலும் மருத்துவர் கொடுத்த குணமடைந்த கடிதமும் இருந்தால் சோதனையிலிருந்து விலக்கு இருந்தது. முடிவுத் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது.

வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் ஏறலாமா?

2020 மார்ச்சில், கப்பல்கள் நிறுத்தப்படுவதற்குச் சற்று முன், எழுபது வயதைத் தாண்டியவர்கள் மருத்துவர் கடிதம் இல்லாமல் ஏறக் கூடாது என்று சில நிறுவனங்கள் விதி கொண்டுவந்தன. பிறகு தடுப்பூசி வந்ததும் வயதை வைத்துத் தடுப்பது குறைந்தது.

கர்ப்பிணிகளுக்கான விதி கொவிட்டோடு தொடர்பில்லாதது, இன்றும் உள்ளது: பயணத்தின் எந்த நாளிலாவது 24ஆவது வாரத்தை எட்டுபவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. கைக்குழந்தைக்குப் பொதுவாக ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். நீண்ட கடற்பயணத்துக்கு ஒரு வயது.

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களை யாரும் தடுக்கவில்லை. ஆனால் மாத்திரையைப் பயண நாள் கணக்கில் கொண்டுபோகாதீர்கள். கப்பல் ஒரு வாரம் கழித்துத்தான் இறங்கவிடும் என்று நினைத்து எடுத்து வையுங்கள். டைமண்ட் பிரின்சஸில் அடைபட்ட வயதானவர்கள் மருந்து தீர்ந்துபோய்த் தவித்தது செய்திகளில் வந்தது. நாங்கள் அப்பாவுக்கு இரண்டு வார இன்சுலின் எடுத்துப் போனோம். மருந்துச் சீட்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டோம். இன்சுலினைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பக் கூடாது, கையிலேயே இருக்க வேண்டும்.

கப்பல் ஊழியர்களுக்கு என்ன சோதனை?

பயணி மூன்று நாள் இருந்துவிட்டு இறங்கிவிடுவார். ஊழியர் மாதக்கணக்கில் அங்கேயே இருப்பார். அதனால் அவருக்கான சல்லடை இன்னும் நெருக்கமானதாக இருந்தது.

சாதாரண நாளிலேயே, 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி மருத்துவத் தகுதிச் சான்று இல்லாமல் யாரும் கப்பலில் வேலை செய்ய முடியாது. அதிகபட்சம் இரண்டு வருடம்தான் அது செல்லும், 18 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு வருடம். இந்தியாவில் கப்பல் துறை இயக்ககம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் இந்த "மெடிக்கல்" எடுக்க வேண்டும். பெருந்தொற்றின்போது அதற்கு மேல், சிங்கப்பூர்ப் பயணங்களுக்கு வந்த ஊழியர்கள் சொந்த ஊரில் பதினான்கு நாள் தனிமை, சோதனை. சிங்கப்பூர் வந்ததும் மறுபடி பதினான்கு நாள், மறுபடி சோதனை. வேலையில் சேர்ந்த பிறகும் குறித்த இடைவெளியில் சோதனை என்று கடந்து வந்தார்கள். அதாவது சம்பளத்துக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கும் முன் ஒரு மாதம் நான்கு சுவருக்குள்.

இதைச் செய்யாதபோது என்ன ஆகும் என்பதற்கு நார்வேயின் ரோல்ட் அமுண்ட்சென் கப்பல் உதாரணம். 2020 கோடையில் மற்ற நாடுகளுக்கு முன்பாகவே பயணத்தைத் தொடங்கியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் டிரோம்சோ துறைமுகத்தில் நின்றபோது ஊழியர்களில் 36 பேருக்குத் தொற்று இருந்தது. அதற்குள் முந்தைய பயணங்களின் பயணிகள் பல ஊர்களுக்குக் கலைந்து போயிருந்தார்கள்.

ஊழியர்கள் பட்ட பாடு இத்தோடு முடியவில்லை. 2020இல் துறைமுகங்கள் ஆள் மாற்றத்தை அனுமதிக்காததால், ஒப்பந்தம் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாமல் சரக்குக் கப்பல், பயணிகள் கப்பல் எல்லாம் சேர்த்துச் சுமார் நான்கு லட்சம் கடலோடிகள் சிக்கியிருந்ததாகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு சொன்னது. அதனால்தான் ஒரு பயணி படிவத்தில் பொய் எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அவருடைய தட்டைக் கழுவியவர் கப்பலிலேயே இருப்பார்.

நடுவே துறைமுகம் வந்தால் இறங்கி ஊர் சுற்றலாமா?

அப்போது முடியாது, அல்லது அவர்கள் கூட்டிப் போகும் குழுவோடு மட்டும். இத்தாலியில் 2020 ஆகஸ்ட் 16 அன்று ஜெனோவாவிலிருந்து எம்எஸ்சி கிராண்டியோசா கிளம்பியது. ஏறும் முன் எல்லோருக்கும் விரைவுச் சோதனை. கரை இறங்கினால் நிறுவனம் ஏற்பாடு செய்த பேருந்து, வழிகாட்டி, அவர்கள் சொன்ன இடம் மட்டும். நேப்பிள்ஸில் ஒரு குடும்பம் குழுவை விட்டுப் பிரிந்து தனியாகப் போனது. அவர்களைத் திரும்பக் கப்பலில் ஏற்றவில்லை. கடுமையாகத் தெரியலாம், ஆனால் சரிதான். மற்ற எல்லோரும் எடுத்த சோதனைக்கு அர்த்தம் வேண்டுமல்லவா?

ஏறுவது இருக்கட்டும், கப்பலைத் துறைமுகம் ஏற்றுக்கொள்ள என்ன வேண்டும்?

பலரும் யோசிக்காத கேள்வி இது. வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல் கரையோடு தொடர்புகொள்ள அந்த நாட்டின் சுகாதார அனுமதி வேண்டும். 2005ஆம் ஆண்டின் சர்வதேசச் சுகாதார விதிகளின்படி கப்பல் தலைவர் ஓர் உடல்நல அறிவிப்பைக் கொடுக்க வேண்டும்: யாராவது இறந்தார்களா, காய்ச்சல்காரர் எத்தனை பேர், தொற்றுநோய்ச் சந்தேகம் உண்டா. ஆறு மாதம் செல்லுபடியாகும் கப்பல் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். இன்றும் மஞ்சள் கொடியை ஏற்றினால் "என் கப்பலில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி வேண்டும்" என்று பொருள்.

இந்த வழக்கம் பழையது. கொள்ளை நோய்க் காலத்தில், 1377இல், இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரம் நோயுள்ள இடங்களிலிருந்து வருபவர்களை முப்பது நாள் வெளியே நிறுத்தியது. வெனிஸில் அது நாற்பது நாளானது. நாற்பதைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லிலிருந்து வந்ததுதான் குவாரன்டைன்.

அனுமதி தவறினால் இரண்டு விதமாகவும் கெடும். வெஸ்டர்டாம் கப்பலில் யாருக்கும் தொற்று உறுதியாகாத நிலையிலும் 2020 பிப்ரவரியில் ஜப்பான், தைவான், பிலிப்பீன்ஸ், தாய்லாந்து என்று ஒவ்வொருவராகக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் கம்போடியாவின் சிஹானுக்வில் இடம் கொடுத்தது. மறுபக்கம் ரூபி பிரின்சஸ். மார்ச் 19 அன்று சிட்னி வந்தது. கப்பலில் எடுத்த மாதிரிகளின் முடிவு வருவதற்குள்ளேயே "அபாயம் குறைவு" என்று முடிவெடுத்துச் சுமார் 2,700 பயணிகளை இறக்கிவிட்டார்கள். அந்தக் கப்பலோடு தொடர்புடைய மரணங்கள் 28. பிறகு நடந்த விசாரணை, சுகாதாரத் துறையின் தவறுகளை மன்னிக்க முடியாதவை என்றது. பயணிகளைப் பிடித்து வைப்பது கொடுமைதான். ஆனால் முடிவுக்காகச் சில மணி நேரம் காத்திருப்பது கொடுமையில்லை.

இந்தியாவில் எப்படி இருந்தது?

2022 புத்தாண்டை ஒட்டி மும்பையிலிருந்து கோவா போன கார்டீலியா கப்பலில் ஓர் ஊழியருக்குத் தொற்று தெரிந்தது. மர்மகோவாவில் சுமார் இரண்டாயிரம் பேரையும் சோதித்தபோது 66 பேருக்குப் பாசிட்டிவ். ஒமைக்ரான் வேகமாகப் பரவிய நேரம். பயணிகளை இறக்காமல் கப்பல் மும்பைக்கே திரும்பியது. அதே ஆண்டு ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்திலிருந்து அதே நிறுவனத்தின் கப்பலைத் தொடங்கிவைத்தபோது நிலைமை பெரிதும் தணிந்திருந்தது.

இன்று கப்பல் ஏற இதெல்லாம் வேண்டுமா?

கொவிட் சோதனையும் தடுப்பூசிச் சான்றும் பெரும்பாலான பயணங்களுக்கு இப்போது தேவையில்லை. அமெரிக்கா தன் கப்பல் கொவிட் திட்டத்தை 2022 ஜூலை 18 அன்று முடித்துக்கொண்டது. ஆனால் உடல்நலப் படிவம் இருக்கிறது. அது கொவிட்டுக்கு முன்பும் இருந்தது, ஏனென்றால் கப்பலில் அடிக்கடி பரவுவது நோரோவைரஸ் என்ற வாந்தி பேதிக் கிருமி. அதற்குக் கையில் சானிடைசர் தடவினால் போதாது, சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் போகும் கப்பல் என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றைக் கேட்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் ஆயுள் முழுக்கச் செல்லும். இந்தியா திரும்பும்போதும் அதைக் கேட்பார்கள், பத்திரமாக வையுங்கள்.

மறுபடி ஒரு பெருந்தொற்று வந்தால், பதிவு செய்யும் முன் எதைக் கேட்க வேண்டும்?

நான் கேட்பவை இவை. உடம்பு சரியில்லை என்று சொன்னால் பணம் திரும்ப வருமா? முனையத்தில் பாசிட்டிவ் வந்தால் அன்று இரவு எங்கே தங்குவது, செலவு யாருடையது? கடலில் வந்தால் தனி அறை இருக்கிறதா, எந்தத் துறைமுகம் இறக்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறது? என் காப்பீடு பெருந்தொற்றை விலக்குகிறதா, கப்பலிலிருந்து ஹெலிகாப்டரிலோ வேறு ஊர் மருத்துவமனைக்கோ கொண்டுபோகும் செலவு அதில் உண்டா? ஊழியர்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்கிறீர்கள், அவர்களில் ஒருவருக்கு நோய் வந்தால் சம்பளத்தோடு ஓய்வு கொடுப்பீர்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்டால் எதிர்முனையில் கொஞ்சம் தயங்குவார்கள். கேளுங்கள். காய்ச்சலோடு வேலைக்கு வந்தால்தான் சம்பளம் என்று இருக்கும் கப்பலில், என் அம்மா அப்பாவுக்கு எத்தனை சோதனை எடுத்திருந்தாலும் நான் ஏற்ற மாட்டேன்.